பசியில்லாப் பசி



மணிமேகலைக் காப்பியத்தைப் பயின்றவர்கள் காயசண்டிகை என்னும் விஞ்சை மகளை மறந்திருக்க மாட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனி ஒன்றை அவள் காலால் சிதைத்துவிட்டாள். அக்கனியையே உணவாகக் கொண்டு நோன்பிருந்த விருச்சிக முனிவர் சினந்து சபித்தார். அச்சாபத்தால் அவளைப் பற்றிய நோய்க்கு யானைத்தீ என்று பெயர். எவ்வளவு உண்டாலும் அவள் பசி அடங்கவில்லை. மணிமேகலை தன் அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி உணவை இட்ட பின்னரே அந்நோய் தீர்ந்தது.

இக்கால மருத்துவ நூல்கள் கூறும் நோய் ஒன்று புறத்தே நின்று பார்ப்பவர்க்கு இந்த யானைத்தீயைப் போலவே தோன்றும். ஆயினும், இரண்டுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. காயசண்டிகைக்கு வயிறு பசித்தது. நான் சொல்லப்போகும் நோயாளருக்கோ வயிறு நிறைந்திருக்கும். போதும் என்று உடல் சொல்லும். கை மட்டும் நிற்காது. நிறுத்த வேண்டும் என்று அவரே விரும்புவார்; ஆனால் நிறுத்த இயலாது. ஆங்கிலத்தில் இதனைப் 'பிஞ்ச் ஈட்டிங்' என்பர். தமிழில் 'தன்வயமிழந்து உண்ணல்' என்று இதனை நான் சொல்வேன். மிகுதியாக உண்பதைக் காட்டிலும், உண்ணும்போது தன்வயத்தை இழப்பதே இந்நோயின் உயிர்நிலை. ஆகவே அப்பெயரே பொருந்தும் எனக் கருதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிகளில் பணியாற்றி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு உளநூல் கற்பித்தார்கள். நினைவாற்றல், கவனம், ஊக்கம் ஆகியவை பற்றியெல்லாம் படித்தோம். உண்ணும் உள்ளத்தைப் பற்றி அங்கே ஒரு பாடமும் இல்லை. ஆயினும் இந்நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்பருவத்தின் பிற்பகுதியிலும் இருபது வயதை ஒட்டியுமே ஆகும். அதாவது, இப்போது என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் வயதில். பெண்களிடம் இது சற்று மிகுதி, ஆண்களிடமும் குறைவன்று. இது மறைவில் வளரும் நோய். நாணத்தால் வாய் திறவாத நோய். ஆனால் மருந்துள்ள நோய். அம்மருந்து இன்னதென்று தெரிவிப்பதே இன்றைய என் நோக்கம்.

முதலில், எது நோய் அன்று என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அத்தை வீட்டுத் திருமணத்தில் பாயசத்தை மும்முறை வாங்கி உண்பது நோய் அன்று. பொங்கல் நாளில் வயிறு முட்ட உண்டு திண்ணையில் சாய்ந்துவிடுவது நோய் அன்று. நாள் முழுதும் பந்து விளையாடிய பையன் பத்துத் தோசை உண்டால் அது நோய் அன்று. அவன் தாய்க்கு மகிழ்ச்சி, அவ்வளவுதான். அங்கெல்லாம் உண்பவன் பலரோடு கூடி மகிழ்ந்து உண்கிறான். உண்டு முடித்தபின் தன்னை வெறுப்பதில்லை.

நோய் என்று மருத்துவர் கூறும் நிலை வேறு. குறுகிய பொழுதிற்குள், பிறர் அத்தகைய பொழுதில் உண்ணக்கூடியதைவிடத் தெளிவாக மிகுதியான உணவை உண்பது. அவ்வாறு உண்ணும்போது தன்னைத் தடுக்க இயலாது என்று உணர்வது. இவ்விரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். இவற்றோடு வேறு சில அடையாளங்களும் உண்டு. வழக்கத்தைவிட விரைந்து உண்பார்; வயிறு வலிக்கும் அளவுக்கு உண்பார்; பசியே இல்லாதபோதும் உண்பார்; பிறர் காண்பார்களே என்று நாணித் தனித்து உண்பார்; உண்டபின் தம்மீதே அருவருப்பும் குற்ற உணர்வும் கொள்வார். இவ்வைந்தில் மூன்றேனும் இருந்து, வாரத்திற்கு ஒருமுறையேனும் மூன்று திங்கள் தொடர்ந்து நிகழ்ந்து, மனத்துயரும் தந்தால், அதனை நோய் என மருத்துவர் கருதுவர்.

இதனோடு ஒட்டிய மற்றொரு நோயும் உண்டு. சிலர் அவ்வாறு உண்டபின், அஞ்சி, தாமே வாந்தி எடுக்க முயல்வர். பேதி மருந்து உண்பர். இதனைப் 'புலிமியா' என்பர். இங்கிலாந்து மனநல மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் 1979இல் இதனை முதன்முதலாகத் தனி நோயாக விளக்கி எழுதினார். இது பெரிதும் தீங்கானது. அடிக்கடி வாந்தி எடுப்பதால் குருதியிலுள்ள பொட்டாசியம் என்னும் உப்புச் சத்துக் குறைந்து, இதயத்தின் துடிப்பே தடுமாறக்கூடும். பற்களின் மேற்பூச்சும் அமிலத்தால் அரிக்கப்படும். இந்நிலையில் உள்ளவர்கள் ஒருநாளும் தாழ்க்காமல் மருத்துவரை நாட வேண்டும்.

தன்வயமிழந்து உண்ணலை மருத்துவ உலகம் கண்டுகொண்ட வரலாறும் அறியத்தக்கது. 1959இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்னும் அமெரிக்க மனநல மருத்துவர், உடல் பருத்த நோயாளர் சிலரிடம் இத்தகைய உண்ணும் முறையைக் கண்டு எழுதினார். எனினும் நெடுங்காலம் அது தனி நோயாகக் கருதப்படவில்லை. 'வாயைக் கட்டத் தெரியாதவன்' என்ற பழியே அதற்குப் பெயராக இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பகுப்பு நூல் 1994இல் இதனைப் பிற்சேர்க்கையில் குறிப்பிட்டது. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான் முழு நோயாக ஏற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்ப்பட்டியலிலும் இது இடம்பெற்றது. அப்பட்டியல் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் கண்டு எழுதியதற்கும் நூல் ஏற்றதற்கும் இடையே அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தது. அத்தனை ஆண்டுகளும் நோயாளர் பழி சுமந்தனர்.

இனி, இந்நோய் ஏன் வருகிறது? காரணம் ஒன்றன்று. குடும்ப வழியாக வரும் இயல்பு சிலர்க்கு உண்டு. தனிமை, துயரம், இழப்பு, பிறர் செய்யும் ஏளனம் ஆகியவற்றை ஆற்றிக்கொள்ள உணவை நாடுவோர் சிலர். இக்காரணங்களோடு, நாம் சற்றும் எதிர்பாராத ஒன்றும் உண்டு. அதுதான் பட்டினி. இதனை நன்கு விளக்கும் ஆராய்ச்சி ஒன்றைச் சற்று விரிவாகவே கூறுகிறேன்.

இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் ஐரோப்பாவில் இலட்சக்கணக்கானோர் பசியால் வாடினர். அவர்களுக்கு எவ்வாறு உணவளித்து உடல் தேற்றுவது என்று அறிய, அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் 1944ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். மனச்சான்றின் காரணமாகப் படைக்கலம் ஏந்த மறுத்த இளைஞர் 36 பேர் தாமாக முன்வந்து அதற்கு உடன்பட்டனர். உடல்நலமும் மனநலமும் சிறந்தவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். முதல் 12 வாரம் வழக்கமான உணவு. அடுத்த 24 வாரம் அரைப்பட்டினி. உருளைக்கிழங்கு, டர்னிப் கிழங்கு, ரொட்டி, மக்ரோனி ஆகியவையே பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைத்தன. உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

உடல் மெலிந்தது வியப்பன்று. உள்ளம் மாறியதே வியப்பு. அவ்விளைஞர்களின் எண்ணமெல்லாம் உணவே ஆயிற்று. சமையல் நூல்களை எதிர்காலத் தேவைக்கெனச் சேர்த்துவைத்தவர்களும் உண்டு. தட்டை நாவால் வழித்தனர். எளிதில் சினந்தனர், தோழமை வெறுத்தனர், சோர்ந்தனர். அரைப்பட்டினி முடிந்து வேண்டுமளவு உண்ணலாம் என்ற நிலை வந்தபின் நடந்ததே நாம் கருதத்தக்கது. அவர்களுள் பலர் அளவின்றி உண்டனர். வயிறு நிறைந்தபின்னும் பசிக்கிறது என்றனர். உண்டு உண்டு நோயுற்றவரும் உண்டு. இந்த நிலை திங்கள் கணக்கில் நீடித்தது. இவ்வாராய்ச்சியைக் கீசும் அவர் துணைவர்களும் 1950இல் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டனர்.

இவ்விளைஞர்கள் பெருந்தீனிக்காரர்கள் அல்லர். மனவுறுதி அற்றவர்களும் அல்லர். தம் கொள்கைக்காக ஒரு நாட்டின் போர்முழக்கத்தையே எதிர்த்து நின்றவர்களுக்கு மனவுறுதி இல்லை என்று யார் சொல்வர்? அத்தகையோரையும் பட்டினி அந்நிலைக்குக் கொண்டுவந்தது. ஏனெனில், உணவு குறையும்போது உடல் அதனைப் பஞ்சம் என்றே அறிகிறது. எடைக்குறைப்பு என்று அறிவதில்லை. பஞ்சத்திற்கு அஞ்சிய உடல், உணவு கண்ட இடத்தில் கட்டை அறுத்துக்கொண்டு பாய்கிறது.

இனி நம் வீட்டில் நடப்பதைப் பாருங்கள். கல்லூரி மாணவி ஒருத்தி தன் உடல் பருத்திருக்கிறது என்று வருந்துகிறாள். கைப்பேசியில் வரும் மெலிந்த உருவங்கள் அவ்வருத்தத்தை நாள்தோறும் வளர்க்கின்றன. காலை உணவை விடுகிறாள். நண்பகல் உணவில் பாதியைக் கொட்டுகிறாள். இனிப்பைத் தொடுவதில்லை என்று சூளுரைக்கிறாள். மாலை வரை வெற்றி. இரவில், அனைவரும் உறங்கியபின், அடுக்களையில் மீந்த சோறு, டப்பாவில் இருந்த முறுக்கு, ரொட்டித் துண்டு எனக் கிடைத்ததெல்லாம் போகிறது. பின்னர் அழுகை, பழி. 'நாளை முழுப்பட்டினி' என்று முடிவு. அந்த முடிவே மறுநாள் இரவின் பெருந்தீனிக்கு விதை. பட்டினி பெருந்தீனியையும், பெருந்தீனி நாணத்தையும், நாணம் மீண்டும் பட்டினியையும் பெறுகின்றன. செக்கு மாடுபோல் இந்த வட்டத்திற்குள்ளேயே அவள் சுற்றுகிறாள். நோயாளர் எல்லாரிடமும் பட்டினிதான் முதலில் வருகிறது என்பதில்லை. சிலரிடம் பெருந்தீனி முந்திப் பட்டினி பிந்தும். எது முந்தினாலும், வட்டம் சுழலத் தொடங்கியபின் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரையும் பெயரையும் சொல்ல மாட்டேன். பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன், நல்ல உடற்கட்டு, கணக்கில் முதல்வன். விடுதிப் பண்டகசாலையில் ரொட்டிப் பொட்டலங்கள் காணாமற் போயின. மாணவர்களின் பெட்டிகளிலிருந்தும் தின்பண்டங்கள் மறைந்தன. ஒருநாள் பின்னிரவில் அவன் அடுக்களையில் இருட்டில் நின்று பழைய சோற்றை அள்ளி அள்ளி உண்டதை விடுதிக் காப்பாளர் கண்டுவிட்டார். மறுநாள் இறைவணக்கக் கூட்டத்தில் அவனை எல்லார் முன்னும் நிறுத்த வேண்டும் என்று அவர் என்னிடம் வந்தார். அப்போது சமையல் செய்யும் அம்மையார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஐயா, அந்தப் பிள்ளை பகல்லே தட்டையே தொடுறதில்லைங்க. நாலு மாசமா நான் பார்க்கிறேன். குண்டா இருக்கேன்னு பசங்க கேலி பண்றாங்க. ராத்திரிதான் இப்படித் திங்குது. திருட்டுப் பிள்ளை இல்லீங்க அது" என்றார்.

நான் அவனைக் கூட்டத்தில் நிறுத்தவில்லை. அவன் தந்தையை வரவழைத்து, மூவருமாக அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். மனநல மருத்துவர் அவனோடு தனியே நெடுநேரம் பேசினார். குருதியையும் சோதிக்கச் செய்தார். பின்னர் எங்களை அழைத்து, "நாளை காலை முதல் இவன் எட்டு மணிக்கு இட்லி சாப்பிட வேண்டும், அதுதான் முதல் மருந்து" என்றார். தந்தை திகைத்துப் போனார். "டாக்டர் ஐயா, சாப்பாடு கூடிப் போனதுதானே நோயே! இன்னும் சாப்பிடச் சொல்றீங்களே?" என்றார். மருத்துவர் சிரிக்கவில்லை. "பகலில் சாப்பிடாத சாப்பாட்டைத்தான் இவன் இரவில் சாப்பிடுகிறான். பகலுக்கு உரியதைப் பகலிலேயே கொடுத்துவிடுங்கள்" என்றார்.

அந்தத் தந்தையின் வியப்பே நம்மில் பெரும்பாலோரின் வியப்பு. அளவு மிஞ்சி உண்பவனுக்கு உணவைக் குறைப்பதே மருந்து என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதற்கு மாறானது. உண்ணாமையால் இந்நோய் தீராது. ஒழுங்காக உண்பதனாலேயே தீரத் தொடங்கும். காயசண்டிகைக்கும் நோய் தீர்த்தது நோன்பன்று, உணவே என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி மருத்துவ முறைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவதும் முதன்மையானதும் உளச்சிகிச்சையே. அதிலும் மிகுதியாக ஆராயப்பட்டது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மருத்துவர்கள் சுருக்கமாகச் சி.பி.டி. என்பர். உண்ணும் நோய்களுக்கு ஏற்ப இதனை வகுத்தவர்களுள் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் தலைசிறந்தவர். இம்முறையின் முதற்படி ஒரு குறிப்பேடு. எப்போது உண்டேன், எதை உண்டேன், எங்கே, அப்போது உள்ளத்தில் என்ன இருந்தது என்று உண்டவுடனே எழுத வேண்டும். இரவு வரை காத்திருந்து எழுதினால் பயனில்லை. கலோரிக் கணக்கு இங்கே வேண்டுவதில்லை. இருட்டில் நடந்ததை வெளிச்சத்தில் பார்ப்பதற்கே இக்குறிப்பு. இரண்டு வாரம் எழுதினால், பெருந்தீனி எங்கிருந்தோ வந்து விழும் இடியன்று, அதற்கு நேரமும் இடமும் காரணமும் உண்டு என்பது தெரியவரும்.

இரண்டாம் படி ஒழுங்கான உணவு. காலை, நண்பகல், இரவு என மூன்று வேளை. இடையே இரண்டு அல்லது மூன்று சிறு சிற்றுண்டி. மூன்று அல்லது நான்கு மணி நேரத்திற்கு மேல் வெறும் வயிற்றோடு இருத்தல் கூடாது. முந்தைய இரவு எவ்வளவு உண்டிருந்தாலும் மறுநாள் காலை உணவை விடக் கூடாது. இதுவே இம்முறையில் கடினமான பாடம். குற்ற உணர்வு 'இன்று பட்டினி இரு' என்று சொல்லும். அப்பேச்சைக் கேளாமல் இட்லியை எடுத்து வைக்க வேண்டும்.

மூன்றாம் படி, உந்துதல் எழும்போது செய்யத்தக்கவற்றை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுதல். நண்பனிடம் பேசுதல், நடந்துவிட்டு வருதல், குளித்தல், பாட்டுக் கேட்டல் எனத் தமக்குப் பொருந்துவதை எழுதலாம். உந்துதல் கடலலை போன்றது. ஏறும், உச்சியில் நிற்கும், பின் இறங்கும். இறங்கும் வரை ஒதுங்கி நின்றால் போதும். இதன்பின், 'தொடவே மாட்டேன்' என்று விலக்கிவைத்த உணவுகளைச் சிறிது சிறிதாக மீண்டும் சேர்த்துக்கொள்வதும், உடலின் உருவத்தைக் கொண்டே தம் மதிப்பை அளக்கும் எண்ணத்தை ஆராய்வதும் வரும். நாளுக்கு நான்குமுறை எடை பார்ப்பவர் வாரத்திற்கு ஒருமுறை மட்டும் பார்க்கப் பழகுவார்.

இதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் மருத்துவ நெறிகளை வகுக்கும் நைஸ் என்னும் நிறுவனம் 2017இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதன்படி, வயதுவந்தோர்க்கு முதலில் தருவது வழிகாட்டலோடு கூடிய தன்னுதவி. இம்முறையை விளக்கும் நூல் ஒன்றை நோயாளரே படித்துப் பின்பற்றுவார். பயிற்சி பெற்ற ஒருவர் இடையிடையே சிறுபொழுது சந்தித்து ஊக்குவார். அதனால் பயன் விளையாவிட்டால் குழுவாக அமர்ந்து செய்யும் சிகிச்சை. வாரம் ஒன்றாக 16 அமர்வுகள். குழு கிடைக்காவிட்டால் அல்லது விரும்பாவிட்டால் தனியே 16 முதல் 20 அமர்வுகள். ஆண்டுக்கணக்கில் நீளும் மருத்துவம் அன்று என்பதைக் கவனியுங்கள். ஒரு கல்வியாண்டுக்குள் முடியக்கூடியது. இச்சிகிச்சை பெற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பெருந்தீனியிலிருந்து முற்றிலும் விடுபடுகின்றனர்; ஏனையோருள்ளும் பலர்க்கு அது குறைகிறது.

இரண்டாவது முறை, உறவுநிலை உளச்சிகிச்சை. 1970களில் ஜெரால்டு கிளெர்மனும் மிர்னா வைஸ்மனும் மனச்சோர்வுக்கென வகுத்த முறை இது. பின்னர் இந்நோய்க்கும் பயன்பட்டது. இதில் உணவைப் பற்றிய பேச்சு குறைவு. பிரிவு, பிணக்கு, தனிமை, வாழ்வில் திடீர் மாற்றம் ஆகிய உறவுச் சிக்கல்களை ஆராய்ந்து சீர்செய்வார்கள். உள்ளத்தின் புண் ஆறினால் அதற்கு உணவைப் பூசவேண்டிய தேவை குறையும் என்பது இதன் கருத்து. மூன்றாவது, மார்ஷா லினெஹன் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் வகுத்த முறையைத் தழுவியது. சினமும் துயரமும் பொங்கும்போது அவற்றிற்கு அடிமையாகாமல் தாங்கி நிற்கும் திறன்களை அது பாடம்போலக் கற்பிக்கிறது.

நான்காவது, மருந்து. லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் என்னும் மருந்தை, நடுத்தரமாகவும் கடுமையாகவும் இந்நோய் உள்ள வயதுவந்தோர்க்கென 2015ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஏற்றது. கவனக்குறைவு நோய்க்கென முன்னரே வழங்கி வந்த மருந்து அது. பழக்கத்திற்கு அடிமையாக்கும் இயல்பும், இதயத் துடிப்பையும் குருதியழுத்தத்தையும் உயர்த்தும் இயல்பும் அதற்கு உண்டு. எடை குறைப்பதற்கு அதனை ஏற்கவில்லை. மனச்சோர்வு நீக்கும் மருந்துகள் சிலவும் சில நோயாளர்க்குத் துணைசெய்கின்றன. ஆயினும் மருந்து ஒன்றை மட்டுமே சிகிச்சையாகத் தரலாகாது என்பது நான் மேலே கூறிய வழிகாட்டியின் அறிவுரை. விளம்பரம் கண்டு எடைக்குறைப்பு மாத்திரை வாங்கி உண்பது மருத்துவம் அன்று, ஆபத்து.

இங்கே ஓர் ஐயம் எழலாம்: இச்சிகிச்சையால் உடல் மெலியுமா? நேர்மையான விடை இதுதான். இம்முறைகள் பெருந்தீனியை நிறுத்தும்; எடையைப் பெரிதாகக் குறைக்கமாட்டா. சிகிச்சை நடக்கும்போது எடை குறைக்க முயல்வதே தவறு, அது மீண்டும் பெருந்தீனியைத் தூண்டும் என்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். முதலில் தன்வயம் மீள வேண்டும். நீரிழிவு, குருதியழுத்தம் முதலியவை இருந்தால் அவற்றிற்குரிய மருத்துவத்தை உடன் நடத்திக்கொள்ளலாம். இந்நோய் மெலிந்த உடலினர்க்கும் வரும். பருத்த உடலினர் எல்லார்க்கும் இந்நோய் இருப்பதில்லை. ஆகையால் உருவத்தைக் கண்டு நோயை முடிவுசெய்யாதீர்கள்.

யாரிடம் செல்வது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சென்னைக் கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கிய பழமை உடையது. அங்குச் செல்வோரைப் பைத்தியம் என்று பழிக்கும் அறியாமையும் அதே அளவு பழையது. அந்தப் பழமையை மட்டும் நாம் விட்டுவிடலாம். நேரில் செல்லத் தயங்குவோர் தொலைபேசியில் பேசலாம். இந்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் பணியின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

மாணவ நண்பர்களே, உங்களுள் ஒருவர்க்கு இந்நோய் இருக்குமாயின், நீங்கள் நம்பும் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். தாயிடம் சொல்லலாம், ஆசிரியரிடம் சொல்லலாம். 'சாப்பிடத் தொடங்கினால் என்னால் நிறுத்த முடியவில்லை' என்ற ஒரு தொடரே போதும். உங்கள் நண்பர்க்கு இருக்குமாயின், அவர் தட்டை எண்ணாதீர்கள். உடலைக் குறித்து வேடிக்கை பேசாதீர்கள். 'கொஞ்சம் கட்டுப்பாடாக இரேன்' என்று அறிவுரையும் சொல்லாதீர்கள். அவ்வறிவுரையை அவர் தமக்குத் தாமே ஆயிரம் முறை சொல்லிக்கொண்டவர். அவரோடு அமர்ந்து காலை உணவை உண்ணுங்கள். மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லுங்கள். பெற்றோர்களே, அடுக்களைக்குப் பூட்டுப் போடுவதால் நோய் போகாது. மறைவு மட்டும் கூடும்.

அந்த விடுதி மாணவன் என்ன ஆனான் என்று கேட்க விரும்புவீர்கள். குறிப்பேட்டை எழுதினான். சமையல் அம்மையார் காலையில் அவன் தட்டில் இட்லி வைத்துவிட்டு, அவன் உண்ணும் வரை அருகிலேயே ஏதேனும் வேலையாக இருந்தார். இரண்டு திங்களில் இரவு நடமாட்டம் அருகியது. அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது மீண்டும் இருமுறை நிகழ்ந்தது, மருத்துவரிடம் சொன்னான். "சறுக்கியது படியில்தான், மாடியிலிருந்து விழவில்லை. மறுநாள் காலை சாப்பிட்டாயா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றான். "அப்படியானால் நீ தேறிவிட்டாய்" என்றார் மருத்துவர். அவன் எடை பெரிதாக மாறவில்லை. ஆனால் பிறரோடு சேர்ந்து பந்தியில் அமர்ந்தான். இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினான். போதும் என்றபோது எழுந்தான்.

போதும் என்று சொல்ல முடிவதே இந்நோயிலிருந்து பெறும் விடுதலை. அதனைப் பழியாலும் பட்டினியாலும் ஒருவர்க்கும் தர இயலாது. ஒழுங்கான உணவாலும், முறையான மருத்துவத்தாலும், அருகிருப்போரின் அன்பாலும் தர இயலும். நாளைக் காலை உங்கள் விடுதியிலோ வீட்டிலோ யாரேனும் தட்டைத் தொடாமல் எழுந்தால், ஏன் என்று கனிவோடு கேளுங்கள்.